விற்பவர் அறியாத செடி

ஹோஸ்டாவைப் பூவுக்காக யாரும் வாங்குவதில்லை, இலைக்காகத்தான் வாங்குகிறார்கள். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்ந்துகொண்டிருந்த செடி இது. ஐரோப்பாவுக்கு இது முதலில் வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். பிறகு, ஜெர்மானிய மருத்துவரான ஃபிலிப் ஃபிரான்ஸ் வான் சீபோல்ட் 1830இல் ஜப்பானிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றிவந்த செடிகளில் இதன் பல வகைகள் இருந்தன. இன்று அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில், மேப்பிள் மரத்தடியிலும் வீட்டின் வடக்குச் சுவரோரத்திலும், வேறெதுவும் தழைக்காத நிழலில் தழைத்து நிற்கும் செடி இதுதான். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்கு மேல் இருந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடும். பனி உருகியதும் சுருண்ட குருத்துகளாக மேலெழும்பி, சில வாரங்களில் இலை விரித்துவிடும். ஒழுங்காக நட்டுவிட்டால் பல பத்தாண்டுகள் அதே இடத்தில் இருக்கும். நட்டவர் வீட்டை விற்றுவிட்டுப் போன பின்னும் தூர் அங்கேயே பெருத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள செடியை வாங்குகிறவர், வாங்கும் நாளில் அந்தச் செடியைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ‘எம்பிரஸ் வூ’ என்றொரு வகை உண்டு. முழு வளர்ச்சியில் நான்கடி உயரம் எழும்பி, ஓர் ஆள் கைவிரித்துப் படுக்கும் அகலத்துக்குப் படரும். கடையில் அது ஒரு சிறு கறுப்புத் தொட்டியில், உள்ளங்கை அகல இலைகள் நாலைந்தோடு நிற்கும். பக்கத்தில் நிற்கும் வேறு பத்து வகைகளிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. இலையின் பரப்பு, அதன் மேடுபள்ளம், ஓரத்து நிறம் ஆகியவை தேறி வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நீல இலை என்று சொல்லப்படுபவற்றின் நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சால் வருவது. வெயில் ஏற ஏற அது கரைந்து, ஆகஸ்டில் இலை வெறும் பச்சையாகிவிடும். நெல்லை வாங்குகிறவர் இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். இங்கே கடித்துப் பார்க்க எதுவும் இல்லை. தொட்டியில் செருகிய பெயர்ச்சீட்டையும் அதை விற்பவரின் சொல்லையும் நம்பித்தான் பணம் கொடுக்கிறோம். அந்தச் சொல் சரக்கின் ஒரு பகுதி; அது இல்லையென்றால் பாதிச் சரக்குதான் கைக்கு வருகிறது.

அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஃப்ரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் 1936இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் நகரத்து நர்சரி ஒன்றில், ஒரே மாதிரி நீலப்பச்சையாக நின்ற ஹோஸ்டா வரிசையில் ஒரே ஒரு செடியின் இலையோரம் மட்டும் மஞ்சளாக இருந்ததைக் கண்டார். அதை வாங்கிக்கொண்டுபோய் வளர்த்தார், குறிப்பெழுதினார், மற்றவர்களுக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் அந்தச் செடி அவர் பெயராலேயே அழைக்கப்பட்டு, நெடுங்காலம் ஹோஸ்டா வளர்ப்போர் பெரிதும் விரும்பிய வகையாக இருந்தது. அந்த ‘ஃப்ரான்சிஸ் வில்லியம்ஸ்’ செடிக்கு ஒரு குறை உண்டு: வசந்த காலம் முடியும் தறுவாயில் அதன் மஞ்சள் ஓரங்கள் கருகிப் பழுப்பாகும். ஹோஸ்டாவை மட்டுமே வளர்த்து விற்கும் சிறு நர்சரிக்காரரிடம் கேட்டால், பணத்தை வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்வார். காலை வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, மரத்தின் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, மான் வருமா, நத்தை உண்டா என்று நம்மைக் கேட்பார். சில சமயம், இது உங்கள் இடத்துக்கு ஒத்துவராது என்று வேறொன்றைக் காட்டுவார். தன் விற்பனைக்கு எதிராகத் தானே ஒரு சொல் சொல்லக்கூடியவரிடம் வாங்குவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அந்தச் சொல் கிடைக்காத இடத்தில் வாங்கிய பிறகுதான் நமக்குப் புரிகிறது.

இன்று பெரும்பாலோர் வாங்குவது அப்படிப்பட்ட இடத்தில்தான். மே மாதம் பிறந்ததும் பெரிய பெரிய வீட்டுச்சாமான் கடைகளின் வாகன நிறுத்தத்தில், தார்த்தரையின் மேல் இரும்புத் தட்டுகளை அடுக்கி, நிழலில் வாழத் தெரிந்த செடியை நண்பகல் வெயிலில் வைத்திருப்பார்கள். இலைநுனி காய்ந்திருக்கும். சீட்டில் ‘நிழலுக்கு ஏற்றது’ என்று அச்சாகியிருக்கும். சில தொட்டிகளில் வகைப் பெயரே இருக்காது. ‘ஹோஸ்டா, கலவை’ என்று மட்டும் இருக்கும். அங்கே நிற்கும் இளைஞரைக் கேட்டால் சீட்டைத் திருப்பிப் பார்த்து நமக்கே வாசித்துக் காட்டுவார். அவர் நேற்றுவரை பெயின்ட் பிரிவில் நின்றவராக இருக்கலாம்; அடுத்த மாதம் மின்விசிறிப் பிரிவுக்குப் போய்விடலாம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிய வேண்டும் என்று அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் நினைக்கவில்லை என்பதற்கு வியாபார ஏற்பாட்டிலேயே காரணம் இருக்கிறது. இத்தகைய பெரிய கடைகள் பலவற்றில், அங்கே அடுக்கியிருக்கும் செடி கடைக்குச் சொந்தமே இல்லை. கல்லாவில் பில் போடும் நொடிவரை அது வளர்த்து அனுப்பிய நிறுவனத்தின் உடைமை. வாடிச் செத்தால் நட்டம் அந்த நிறுவனத்துக்கு. வளர்த்தவருக்கு வாங்குகிறவரைத் தெரியாது. விற்பவருக்குச் செடி சொந்தமில்லை. இருவருக்கும் நடுவில், செடியைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றத் திட்டமிடவில்லை. ஆனாலும் தவறான பெயரோடு, தவறான இடத்துக்கு, சில சமயம் நோயோடு ஒரு செடி வீடுவந்து சேர்கிறது.

நோய் என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனெனில் இந்த விஷயத்தின் முழுக் கனமும் அங்கேதான் இருக்கிறது. 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கரியரும் பென் லாக்ஹார்ட்டும் ஹோஸ்டாவில் ஒரு புதிய வைரஸை இனங்கண்டார்கள். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்பது அதன் பெயர். அதைத் தீர்க்க மருந்தில்லை. நோய்ப்பட்ட செடியின் சாற்றின் வழியே, கத்தரிக்கும் கத்தியிலும், தூரைப் பிரிக்கும் மண்வெட்டியிலும், பூத்தண்டை அரியும் கருவியிலும், நம் விரலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். நோய் தொற்றிய செடி உடனே காட்டிக்கொடுக்காது. ஓராண்டு ஆகலாம், மூன்றாண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் நிற்கும்.

காட்டும்போது எப்படி இருக்கும் என்று ஓர் இலையைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். ‘கோல்ட் ஸ்டாண்டர்ட்’ என்ற வகையின் நல்ல இலையில் நடுப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் ஓரம் பச்சையாகவும் இருக்கும். இரண்டு நிறமும் சந்திக்கும் இடம், ஓரத்தில் சற்றுச் சிதறினாலும், நரம்போட்டத்தை ஒட்டியே போகும். நோய்ப்பட்ட இலையிலோ அந்த மஞ்சள் நடுவில், நரம்புகளின் இருபுறமும் பச்சை நிறம், ஊறும் தாளில் மை கசிந்ததுபோல் பரவியிருக்கும். அந்தப் பச்சைப் பகுதி மற்ற சதையைவிடத் தடித்தோ சுருங்கியோ இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் கரடுமுரடு தட்டுப்படும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒளி சீராக ஊடுருவாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். உளுந்திலும் மரவள்ளியிலும் தேமல் விழுந்த இலையைப் பார்த்துப் பழகிய நம் விவசாயி ஒருவரிடம் இதைக் கொடுத்தால், பெயர் தெரியாவிட்டாலும், இது நல்ல இலை இல்லை என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஹோஸ்டா உலகில் நெடுநாள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கசிவை அழகு என்று எடுத்துக்கொண்டார்கள். புதுமாதிரியான தீற்றலும் புள்ளியும் உள்ள செடிகளைத் தனி வகைகளாகக் கருதிப் பெயர் சூட்டினார்கள்: ‘பிரேக்டான்ஸ்’, ‘லெப்பர்ட் ஃப்ராக்’, ‘லூனசி’, ‘எடர்னல் ஃபாதர்’. அவை விற்பனைக்கு வந்தன, வாங்கப்பட்டன, தூர் பிரிக்கப்பட்டு மறுபடி விற்கப்பட்டன. பிறகுதான் தெரிந்தது, அந்த அழகு முழுவதும் நோய் என்று. வரலாற்றில் இது முதல் முறையும் இல்லை. 1630களில் ஹாலந்தில் ஒரு வீட்டின் விலைக்கு விற்ற தீற்றல் டியூலிப்புகளின் நிறமும் வைரஸால் வந்ததே. அது உறுதியாக 1920கள் ஆயின. அந்த டச்சு வியாபாரிகளையோ, ‘பிரேக்டான்ஸ்’ என்று பெயரிட்டவரையோ நாம் குற்றம் சொல்ல மாட்டோம். தெரிந்துகொள்ள வழியே இல்லாதபோது தெரியாமல் இருப்பது மனித நிலை. அதற்கு வருந்தலாம், கோபப்பட முடியாது.

1996க்குப் பிறகு நடந்ததை அப்படி விட்டுவிட முடியவில்லை. வைரஸின் பெயர் தெரிந்துவிட்டது, அறிகுறிகளின் படங்கள் அச்சாகிவிட்டன. சாற்றில் தோய்த்தால் சில நிமிடங்களில் விடை சொல்லும் சோதனைப் பட்டைகளும் வந்துவிட்டன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நோய்ப்பட்ட செடிகள் கடைகளுக்கு வந்துகொண்டே இருந்தன. நெதர்லாந்தின் வயல்களில் வளர்த்து, தூர் பிரித்து, மண் உதறி, பைகளில் அடைத்து அனுப்பப்பட்ட வேர்க்கட்டைகள் இதற்குப் பெரிய வாயிலாக இருந்தன. வயலில் ஒரு செடியின் பூத்தண்டை வெட்டிய அதே கத்தி ஆயிரம் செடிகளைத் தொடுகிறது. ஆண்டின் சிறந்த ஹோஸ்டாவாக அமெரிக்க வளர்ப்பாளர் சங்கம் 2004இல் தேர்ந்தெடுத்தது ‘சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்’, 2005இல் ‘ஸ்டிரிப்டீஸ்’. நோய் அதிகம் காணப்பட்ட வகைகளின் பட்டியலில் இந்த இரண்டும், ‘கோல்ட் ஸ்டாண்டர்டும்’ முன்வரிசையில் இருந்தன. எதை எல்லோரும் விரும்பினார்களோ அதைத்தான் அவசரமாகப் பெருக்கினார்கள்; எதை அவசரமாகப் பெருக்கினார்களோ அதில்தான் யாரும் நின்று பார்க்கவில்லை.

இங்கே ‘தெரியாது’ என்பதன் தன்மை மாறிவிடுகிறது. தெரிந்துகொள்ளும் வழி பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கு ஆகும் செலவும் சில டாலர்கள்தான். இருந்தும் தெரியாமல் இருப்பது லாபமாக இருப்பதால் ஒருவர் தெரியாமல் இருக்கிறார். தெரிந்துவிட்டால் ஒரு தட்டு முழுவதையும் குப்பையில் கொட்ட வேண்டும். தெரியாதவரைக்கும் அதை விற்கலாம். அந்தத் தெரியாமையைத் தற்செயல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. அது வியாபாரத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது. விலைக்குறைவின் ஒரு பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஏழு டாலர் செடிக்கும் இருபத்தைந்து டாலர் செடிக்கும் உள்ள வித்தியாசத்தில், இருபத்தைந்து கேட்பவர் கிழித்துச் சோதித்துப் பார்த்த இலைகளும், தூக்கி எறிந்த செடிகளும், வகை சரிதானா என்று காத்திருந்த ஆண்டுகளும் அடக்கம்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1980களுக்குப் பிறகு ஆய்வகங்களில் திசு வளர்ப்பு பெருகியிராவிட்டால், ஹோஸ்டா இன்றும் பணமும் பொழுதும் உள்ள சிலரின் சேகரிப்பாகவே இருந்திருக்கும். ஒரு தூரைப் பிரித்தால் ஆண்டுக்கு நாலைந்து கன்று கிடைக்கும். கண்ணாடிக் குப்பியில் அதே தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாசலோரத்து நிழலில் ஒரு நல்ல இலையை வைத்துப் பார்க்க முடிகிறதென்றால் அது இதனால்தான். அந்த முறையின்மேல் குற்றமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்தபோது, அசுவினி பரப்பியது போக, நோய்ப்பட்ட தூரிலிருந்து தெரியாமல் எடுத்து நட்ட பக்கக்கன்றுகளும் அந்த வைரஸைப் பரப்பின. பிறகு அந்த வாழையை மீட்க உதவியது, வைரஸ் இல்லை என்று சோதித்தறிந்த தாய்மரத்திலிருந்து திசு வளர்ப்பில் எடுத்த கன்றுகள். தாயைச் சோதித்தவர்கள் கையில் அது மீட்பாயிற்று. சோதிக்காதவர்கள் கையில் அதே முறை ஒரு நோய்ச்செடியை ஆயிரம் நோய்ச்செடிகளாக்கியது.

நம் பங்கும் இதில் சிறிதல்ல. சீட்டில் பெயர் இல்லாத செடியை வாங்குகிறோம், மலிவு என்பதால். கேள்வி கேட்கும் நர்சரிக்காரரைத் தொணதொணப்பவர் என்று நினைக்கிறோம். கேள்வியே கேட்காமல் பில் போடும் கல்லா நமக்கு வசதியாக இருக்கிறது. விலை கட்டாமல் ஒவ்வொருவராகச் சிறு நர்சரிக்காரர்கள் கடையை மூடும்போது, தெரிந்தவர்கள் யாருமே இல்லையே என்று வருத்தப்படுகிறோம். அந்த வருத்தம் உண்மையானதுதான், ஆனால் அவர்களிடம் நாம் கடைசியாக எப்போது வாங்கினோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது வேறொன்று. ஹோஸ்டா பெருத்துவிட்டால் தூர் பிரித்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது அமெரிக்க ஊர்களின் வழக்கம். புதிதாகக் குடிவந்தவருக்கு, அவர் எந்த நாட்டிலிருந்து வந்தவரானாலும், முதலில் கிடைக்கும் உறவு பல சமயம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹோஸ்டாத் தூராக இருக்கும். தேவாலயத் திடலிலும் நூலக வாசலிலும் நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நடக்கும் செடிச் சந்தைகளில் அதிகம் குவிவதும் இதுதான். அறியாமல் விற்கப்பட்ட நோய்ச்செடி கடையோடு நிற்பதில்லை; இந்தக் கொடுக்கல் வாங்கலின் வழியே, கொடுப்பவரின் நல்ல மனத்தைச் சுமந்துகொண்டே தோட்டத்துக்குத் தோட்டம் போகிறது. விற்றவர் லாபத்துக்காகத் தெரிந்துகொள்ளாமல் இருந்தார். கொடுத்தவர் தெரியாமலேயே தன் அண்டை வீட்டாரின் முப்பது ஆண்டுத் தூருக்குக் கேடு செய்துவிட்டார். நாளைக்கு யாரேனும் அதை எடுத்துச் சொன்னால் தலைகுனிய நேர்வது இரண்டாமவர்தான்.

இணையக் கடைகளில் நடப்பது இன்னும் வெளிப்படையானது. அடர்நீலம், ஊதா, வானவில் நிறம் என்று கணினியில் சாயமேற்றிய படங்களைப் போட்டு ஹோஸ்டா விதை விற்கிறார்கள். அப்படி ஓர் இலை உலகில் எங்கும் இல்லை. உண்மையான விதையே ஆனாலும், மிகச் சில இனங்கள் தவிர, ஹோஸ்டாவின் விதை தாயைப்போல் முளைப்பதில்லை; பெயர் பெற்ற எந்த வகையையும் தூர் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் எடுக்க முடியும். இது தவிர, ஹோஸ்டா ஆண்டுதோறும் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கியாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் நலிந்து நலிந்து சாகும். மதுரையிலோ திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவரிடம், உங்கள் ஊரில் இது பிழைக்காது என்று சொல்ல அந்த வியாபாரத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகவே சமவெளியில் இருக்கும் வாசகர்கள் ஹோஸ்டா விதையும் கிழங்கும் வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

குளிர்நாட்டில் இருப்பவர்கள் வாங்கலாம், வாங்க வேண்டும். நிழலுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. வாங்கும்போது, எங்கிருந்து வந்தது, வைரஸ் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். தெரியாது என்று நேராகச் சொல்கிறவரை மதியுங்கள், ஆனால் செடியைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். புதுச் செடியை மூன்று ஆண்டுகளாவது மற்றவற்றிலிருந்து தள்ளித் தொட்டியில் வையுங்கள். அதுவரை அதன் தூரைப் பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு செடியை வெட்டிய பிறகும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கிருமிநாசினியில் துடையுங்கள். இலையில் அந்தக் கசிவு தெரிந்தால் வேரோடு அகழ்ந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். பிறகு ஓர் இலையைப் பையிலிட்டு மூடி எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போய் மேலாளரிடம் காட்டுங்கள். பணத்தைத் திருப்பித் தரலாம்; அதோடு வந்துவிடாமல், தட்டில் இருக்கும் மற்றச் செடிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.